கல்லின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்

('நகை வாங்கும்போது நாம் பார்க்க வேண்டியது அழகா, தரமா?' என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், தரமே என்ற அணியில் கெடா மாநிலப் பேச்சாளர் ஒருவர் ஆற்றிய உரை.)



நான் பீடோங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். என் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, கொசுக்கடியில் மரம் வெட்டி, சிறுகச் சிறுகச் சேர்த்து அவர் வாங்கியது தங்கம். பள்ளிச் செலவு வந்தால் வளையல் அடகுக் கடைக்குப் போகும். கையில் காசு சேர்ந்ததும் திரும்பி வரும்.

ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் அம்மா அக்காவுக்கு ஒரு நீலக்கல் மோதிரம் வாங்கினார். அக்காவுக்கு ஏழரைச் சனி என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பட்டணத்துக் கடையில் "அசல் நீலம்" என்றார்கள், நம்பினோம். சில ஆண்டுகள் கழித்து மோதிரத்தைக் கழுவக் கொடுத்தோம். அதிரும் இயந்திரத்தில் போட்டு எடுத்தார்கள். கல்லில் விரிசல்! இன்னொரு கடையில் காட்டினால், "இது நீலம் இல்லைம்மா, தான்சனைட்" என்றார்கள். ரசீதை எடுத்துப் பார்த்தோம். 'கல் மோதிரம் 1' என்று மட்டுமே இருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போது மட்டும், "நான் கேட்டிருக்கணும்" என்றார்.

நடுவர் அவர்களே, அந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்த மேடைக்குக் கொண்டு வந்தது.

தான்சனைட் போலிக் கல்லா? இல்லை. அதுவும் அசல் இரத்தினம்தான். ஆப்பிரிக்காவில், தான்சானியாவின் மெரேலானி மலைப்பகுதியில் மட்டுமே தோண்டி எடுக்கப்படுகிறது. 1967-இல்தான் அது வெளியுலகுக்குத் தெரிய வந்தது. 1968-இல் அமெரிக்காவின் டிஃபனி நகை நிறுவனம் அதற்கு இந்தப் பெயரைச் சூட்டியது. 1967-இல் தெரிய வந்த கல்லுக்கு நம் நவரத்தினங்களில் ஏது இடம்? அழகுக்காக வாங்குங்கள், சனிக்காக வாங்காதீர்கள்!

எப்படித் தேர்வு செய்வது? கல்லைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் நீலமாகவும் இன்னொரு பக்கம் ஊதாவாகவும் தெரியும். கடை விளக்கில் மட்டும் பார்க்காமல் பகல் வெளிச்சத்திலும் பாருங்கள். பெரும்பாலான தான்சனைட் கற்கள் சூடேற்றி நிறம் கூட்டப்பட்டவை. அது உலக வழக்கம், ஏமாற்று அல்ல. ஆனால் கல்லின் பெயர், கல்லின் எடை, தங்கத்தின் எடை, தங்கத்தின் தரம் ஆகிய நான்கையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். விலை அதிகமானால் பரிசோதனைக்கூடச் சான்றிதழ் கேளுங்கள். கல்லைச் சுற்றித் தங்க விளிம்பு கட்டிய மோதிரமே பாதுகாப்பு.

எப்படிப் பராமரிப்பது? கடினத்தில் வைரம் 10, நீலம் 9 என்றால் தான்சனைட் 6 முதல் 7 வரைதான். மணல் தூசியே அதைக் கீறிவிடும். மரம் வெட்டும்போதும், பாலை உறைய வைக்கும் ஆசிட்டைத் தொடும்போதும், அம்மியில் அரைக்கும்போதும் கழற்றி வையுங்கள். வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் சோப்பு, மிருதுவான பிரஷ், இவை போதும். கொதிநீர், நீராவி, அதிரும் இயந்திரம் மூன்றும் ஆகாது. திடீர்ச் சூடும் குளிரும் கல்லைப் பிளந்துவிடும். மற்ற நகைகளோடு சேர்க்காமல் தனித் துணிப்பையில் வையுங்கள்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். அடகுக் கடையில் தங்கத்தை நிறுத்துத்தான் பணம் தருவார்கள். கல்லுக்குக் கொடுத்த காசை ஆசைக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பைத் தங்கத்தில் வையுங்கள்.

ஏமாந்துவிட்டால்? 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடுவர் மன்றம் இருக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 வெள்ளி வரை, 3 ஆண்டுகளுக்குள் உரிமை கோரலாம். ரசீது மட்டும் கையில் இருக்க வேண்டும்.

சுங்கைப் பட்டாணியோ கூலிமோ அலோர் ஸ்டாரோ, நகைக்கடைக் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போது நம் தோட்டத்து மக்களுக்கு ஒரு கூச்சம் வருகிறது. கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். தாய்மார்களே, உழைத்த காசு நம்முடையது. கேள்வி கேட்கும் உரிமையும் நம்முடையதே! என் அம்மா பஸ்ஸில் சொன்னதை இனி எந்த அம்மாவும் சொல்லக் கூடாது. அதற்குத் தரம் பார்த்து வாங்குவதே வழி.