மாணவரின் நடத்தை: நன்று

(ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கிறித்தவப் பள்ளியில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ராஜபாளையத்திலிருந்து நண்பர்களோடு பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

இந்தப் பள்ளியின் விளையாட்டு விழாவில் 'நற்பண்பும் விசுவாசமும்' என்ற பெயரில் ஒரு கோப்பை கொடுக்கிறார்கள். அதற்குரிய மாணவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று வெளியிலிருந்து ஒருவர் பேசட்டும் என்று கேட்டார்கள். நான் உடற்கல்வி ஆசிரியர் அல்ல. அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். குறுவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவதும், வெயிலில் தண்ணீர்க் கேனைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் பழக்கம். அங்கே உட்கார்ந்து பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

நாம் எல்லாரும் மாற்றுச் சான்றிதழ் எழுதியிருக்கிறோம். நடத்தை என்ற இடத்தில் என்ன எழுதுகிறோம்? 'நன்று'. அடித்தவனுக்கும் 'நன்று', அடி வாங்கியவனுக்கும் 'நன்று', நடுவில் புகுந்து விலக்கிவிட்டவனுக்கும் அதே 'நன்று'. பண்பைத் தனியாகப் பார்த்துச் சொல்ல ஒரு பள்ளி முன்வருகிறது என்றால் முதலில் பாராட்ட வேண்டும்.

சிக்கல் இரண்டாவது சொல்லில் இருக்கிறது. விசுவாசத்தை எப்படிப் பார்ப்பது? ஜெபக் கூட்டத்துக்கு யார் தவறாமல் வருகிறார், ஆட்டத்துக்கு முன் யார் முழங்காலிடுகிறார் என்று கணக்கெடுத்தால் ஒரே மாதத்தில் எல்லாப் பிள்ளைகளும் முழங்காலிடக் கற்றுக்கொள்வார்கள். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். நாம் எதற்கு மதிப்பெண் போடுகிறோமோ அதைத்தான் நமக்குக் காட்டுவார்கள். அதோடு, நம் பகுதியில் எந்தப் பள்ளி அணியை எடுத்தாலும் ஒரே சமயத்துப் பிள்ளைகள் மட்டும் இருப்பதில்லை. பாடகர் குழுவில் பாடுகிற பெண்ணுக்குப் பக்கத்தில், ஆண்டாள் கோயில் தேரோட்டத்துக்கு வடம் பிடித்துவிட்டு வந்த வீட்டுப் பெண் நிற்கிறாள். ரமலான் நோன்போடு ஒரு பையன் பயிற்சிக்கு வருகிறான். இவர்களுக்குக் கோப்பை இல்லையா?

அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு நமக்குத் தெரியும். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில், சிறுவராக இருந்தால் காப்பாளரின் ஒப்புதல் இல்லாமல், எந்தப் பிள்ளையையும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் சொல்ல முடியாது. கோப்பை கொடுப்பது கட்டாயம் ஆகாது என்று நீங்கள் சொல்லலாம். பரிசும் ஒரு மெல்லிய கட்டாயம்தான் என்பது என் கருத்து.

அப்படியானால் விசுவாசத்துக்கு விளையாட்டில் இடமே இல்லையா? இருக்கிறது. கூடைப்பந்து 1891இல் அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பிறந்தது. கையுந்துபந்தும் ஒய்.எம்.சி.ஏ. கொடுத்ததே, 1895இல். சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் பணியாற்றியிருக்கிறார்கள். அந்த பக் 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவர். அதே ஒலிம்பிக்கில்தான் எரிக் லிடெல் ஓடினார்.

லிடெல் கதை இந்தப் பள்ளிக்குப் புதிதல்ல. 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் அதில் ஓட மறுத்தார், 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம் வென்றார். பொதுவாகக் கதையை இங்கே முடித்துவிடுகிறோம். இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று, அட்டவணை அவருக்குப் பல மாதங்களுக்கு முன்பே தெரியும். மறுத்துவிட்டு வீட்டில் உட்காரவில்லை. தனக்குப் பழக்கமில்லாத தூரத்துக்கு அந்த மாதங்கள் முழுவதும் பயிற்சி எடுத்தார்.

இரண்டாவது செய்தி எனக்கு அதைவிடப் பெரியது. லிடெல் பிறகு சீனாவில் ஆசிரியராகவும் மிஷனரியாகவும் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அவரை வெய்ஷியன் முகாமில் அடைத்தார்கள். பெற்றோரைப் பிரிந்த பள்ளிப் பிள்ளைகள் பலர் அங்கே இருந்தார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார், விளையாட்டு நடத்தினார், ஞாயிறு தவிர. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடினார்கள். நடுவர் இல்லை, ஆட்டம் சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடெல் நடுவராகத் திடலில் நின்றார். தங்கப் பதக்கத்துக்காக விட்டுக்கொடுக்காத ஞாயிற்றுக்கிழமையைப் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார். 1945 பிப்ரவரியில் அந்த முகாமிலேயே இறந்தார்.

ஞாயிறு ஓடுவதில்லை என்ற வழக்கத்துக்கு மட்டும் நாம் கோப்பை கொடுத்திருந்தால், இந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன கொடுப்போம்? பறித்துக்கொள்வோமா? உள்ளே என்ன நம்பிக்கை இருக்கிறது என்பது அந்தப் பிள்ளைக்கும் கடவுளுக்கும் இடையிலானது. அது என்ன செய்ய வைத்தது, அதனால் அந்தப் பிள்ளைக்கு என்ன நட்டம் என்பது மட்டும்தான் நம் கண்ணில் படும். நட்டம் என்ற சொல்லைத் தெரிந்தே சொல்கிறேன். 1980இல் பம்பாய் பொன்விழா டெஸ்டில், நடுவர் அவுட் கொடுத்த பாப் டெய்லரை இந்தியத் தலைவர் விஸ்வநாத் திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் எடுத்தார்கள். இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. விஸ்வநாத் எந்தக் கோயிலுக்குப் போனார் என்று யாரும் கேட்கவில்லை.

நம் திடலில் இது தினமும் நடக்கிறது. கபடியில் பாடி வந்தவனின் விரல் உரசியது நடுவருக்குத் தெரியவில்லை, பிடிக்க நின்றவன் தானாகவே கோட்டுக்கு வெளியே நடக்கிறான். கையுந்துபந்தில் தடுக்கக் குதித்தவளின் விரல் நுனியில் பட்டுப் பந்து வெளியே போகிறது, கையைத் தூக்கி 'டச் சார்' என்கிறாள். நம்மில் சிலர் அப்போது "உன்னை யார் கேட்டது?" என்று ஓரத்திலிருந்து கத்துகிறோம். அதையும் பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

ஆகவே என் யோசனை எளிது. பி.இ.டி. சாரோ டீச்சரோ ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொள்ளட்டும். தேதி, ஆட்டம், செய்த செயல், இவ்வளவுதான். 'நல்ல பையன்', 'பக்தியான பெண்' என்று எழுத வேண்டாம். எந்தத் தெருப் பையன் என்று பார்க்காமல் அணித் தலைவன் பந்தைக் கொடுத்தானா, ஆடும் அணியில் இடம் கிடைக்காத நாளில் மாற்று ஆட்டக்காரி எப்படி நடந்துகொண்டாள், பஸ்ஸில் வாந்தி எடுத்த ஆறாம் வகுப்புக் குழந்தையை யார் கவனித்தார்கள், எழுதுங்கள். எதிரணி ஆசிரியரிடமும் கேளுங்கள். அவர் புகழ்ந்தால் நிச்சயம் உண்மை. ஆண்டு விழாவில் பெயருக்கு முன்னால் அந்தச் செயலை வாசியுங்கள். மேடையில் வாசிப்பதற்கு அந்தப் பிள்ளை கூச்சப்பட்டால் வீட்டுக்கு ஒரு கடிதமாக அனுப்புங்கள்.

விசுவாசத்துக்கு நாம் செய்யக்கூடியது வேறு ஒன்று. ஆண்டுத் தொடக்கத்திலேயே பிள்ளைகளிடம் கேட்டுவிடலாம்: எந்த நாளில் ஆராதனை, எந்த மாதத்தில் நோன்பு, எப்போது மாலை போடுவீர்கள்? நோன்பு மாதத்தில் மதிய ஓட்டத்தைக் காலைக்கு மாற்றலாம். ஞாயிறு காலைப் பயிற்சியைப் பிற்பகலுக்குத் தள்ளலாம். வரமுடியாத பிள்ளையை அணியிலிருந்து எடுக்கும் முன் லிடெலுக்குக் கிடைத்தது போல முன்கூட்டியே தகவலாவது கொடுக்கலாம். இங்கே இரண்டு ஊர் ஆசிரியர்களும் இருக்கிறோம். இந்த ஆண்டுக் குறுவட்ட அட்டவணையைப் பேசும்போது இதையும் ஒரு பொருளாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.