பாயும் விளக்கும்



‘அயலகக் கல்வி’ பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். நான் கடல் கடந்து படித்தவன் அல்லன். உத்திரமேரூரில் பேருந்து ஏறிக் காஞ்சிபுரம் சென்று படித்து, இருட்டுவதற்குள் வீடு திரும்பியவன். எனினும் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, நம் கவியரங்குகளில் கவிதை படித்தவள், அண்மையில் ஒரேயொரு பருவம் ஜெர்மனியில் படித்துத் திரும்பினாள். அவளிடமிருந்து நான் கற்றுக்கொண்டதையே இங்குச் சொல்லப்போகிறேன்.

வந்தவளிடம் நூலகம் எப்படி, ஆசிரியர்கள் எப்படி என்றுதான் கேட்டேன். அவற்றுக்கெல்லாம் சுருக்கமாக விடை சொன்னாள். பிறகு, “ஐயா, அங்கே முதல் ஞாயிற்றுக்கிழமை நான் பட்டினி” என்றாள். அந்நாட்டில் ஞாயிறன்று கடைகளை மூடவேண்டும் என்பது சட்டம். சனிக்கிழமை இரவு போய்ச் சேர்ந்தவள், காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று உறங்கிவிட்டாள். மறுநாள் தெருத்தெருவாக நடந்திருக்கிறாள். ஏதோ கடையடைப்புப் போலும் என்று எண்ணிக்கொண்டாளாம். விடுதியின் பொதுச் சமையலறையில் பிற மாணவர் சமைத்துக்கொண்டிருந்தனர். அவர்களிடம் கேட்க நாணம். தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறாள். அன்றிரவு தொலைபேசியில் தாயிடம் சொன்னது, “சாப்பிட்டேன் அம்மா.”

அவளுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். அகராதி ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன தெரியும்?

இதைக் கேட்டபோது என் நினைவில் எழுந்தவர் கணிதமேதை இராமானுஜன். 1914 மார்ச் 17இல் சென்னையில் ‘நெவாசா’ என்னும் கப்பலேறினார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை தந்தது. கேம்பிரிட்ஜில் ஹார்டி, லிட்டில்வுட் என்னும் இரு பெரும் கணிதர்கள் அவருக்காகக் காத்திருந்தனர். அறிவுக்கு வேண்டியவை எல்லாம் ஆயத்தமாக இருந்தன. ஆனால் குளிர்காலத்தில் அவர் இரவுதோறும் நடுங்கினார். மேலங்கியை அணிந்து, சால்வையும் போர்த்திக்கொண்டு படுத்தார். அப்போது அங்கே பயின்றுகொண்டிருந்த மகலனோபிஸ் ஒருநாள் அறைக்குள் சென்று கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் பல இருந்தன. எல்லாம் மெத்தைக்கடியில் இறுகச் செருகப்பட்டு, மேலே விரிப்பும் போட்டிருந்தது. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பதை இராமானுஜனுக்கு யாருமே சொல்லவில்லை! அவர் விரிப்பின் மேலேயே படுத்திருந்தார்.

பின்னொரு காலத்தில் இந்தியாவின் புள்ளியியல் துறைக்கே வழிகாட்டியவர் மகலனோபிஸ். அவர் செய்த அரும்பணிகளுள் அன்று ஒரு கம்பளியை விலக்கிக் காட்டியதையும் நான் சேர்ப்பேன்.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. இராமானுஜன் தாமே சமைத்து, நண்பர் சிலரை விருந்துக்கு அழைத்தார். இரசம் பரிமாறினார், மறுமுறையும் பரிமாறினார். மூன்றாம் முறை விருந்தினரான பெண்கள் போதும் என்றனர். சற்று நேரத்தில் அவரைக் காணவில்லை. யாரிடமும் சொல்லாமல் வெளியேறி ஆக்ஸ்போர்டுக்கே போய்விட்டார். சில நாள் கழித்தே திரும்பினார். இதை மேதையின் விசித்திரப் போக்கு என்று சிரித்தபடி சொல்வோர் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அயலூரில் தனித்திருப்பவன் தன் கையால் ஆக்கிய இரசத்தில் தன் வீட்டையே வைத்துப் பரிமாறுகிறான். அது வேண்டாம் எனப்பட்டால் அவன் எங்கே நிற்பான்?

நம் காஞ்சியும் ஒருகாலத்தில் பிறநாட்டு மாணவர்க்கு அயலகமாக இருந்ததே. கி.பி. நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்னும் இளைஞன் கன்னட நாட்டிலிருந்து தன் ஆசிரியர் வீரசர்மரோடு காஞ்சிக் கடிகைக்குக் கற்க வந்தான். பல்லவரின் குதிரை வீரன் ஒருவனோடு பூசல் நேர்ந்தது. அவமதிப்புப் பொறாமல் ஏட்டை விடுத்து வாளெடுத்தான். கதம்ப அரசையே நிறுவினான். இதை நமக்குச் சொல்வது தாளகுந்தாத் தூண் கல்வெட்டு. அதை யாத்தவர் குப்ஜர் என்னும் கவிஞர். கவிஞர்களே, ஒரு மாணவனின் மனப்புண்ணை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்தும் கல்லில் ஏற்றியவர் உங்கள் இனத்தவரே. நம் நாட்டு ஆவணங்கள் அந்தக் குதிரை வீரனைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நம் பக்கத்தில் வேறொரு கல் இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்துப் பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு. உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைக் காண வருவோர் பலர். திருமுக்கூடலுக்குச் செல்வோர் சிலரே. அங்கே வேதமும் இலக்கணமும் பயின்ற மாணவர்க்கு உணவு மட்டுமா எழுதி வைத்தார்கள்? படுக்கப் பாய், சனிக்கிழமைதோறும் தலை முழுக எண்ணெய், இரவில் எரிய விளக்கு. நோயுற்றால் கிடக்கப் பதினைந்து படுக்கையுள்ள மருத்துவசாலை. அதற்கு மருத்துவர், அறுவை செய்வோர், பணிபுரியப் பெண்டிர். ‘கல்விக்கு நிவந்தம்’ என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அந்தப் பாயையும் எண்ணெயையும் கல்லில் வெட்டவேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. வீட்டைவிட்டு வந்த பிள்ளை எதை வாய்விட்டுக் கேட்காது என்பதை அறிந்த ஒருவராகத்தான் அவர் இருக்கவேண்டும்.

இராமானுஜன் 1917இல் நோயுற்று மருத்துவ இல்லங்களில் கிடந்தார். 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26இல், முப்பத்து மூன்று வயது நிறையுமுன் மறைந்தார். கம்பளியும் உணவும்தான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. அயலில் படித்தோரைப் பற்றி எழுதும்போது பட்டத்தையும் பரிசையும் எழுதுகிறோம், கட்டிலை எழுதுவதில்லை.

என் மாணவியின் பருவம் நன்றாகவே முடிந்தது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் அவ்வூரில், எதிரறைப் பெண் ஒருத்தி கதவைத் தட்டித் தேநீர் தந்த நாளிலிருந்து தனக்குப் பாடம் புரியத் தொடங்கியதாகச் சொன்னாள். இவ்வாண்டு பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் அதே நாட்டுக்குப் புறப்படுகிறான். அவனுக்காகக் குறிப்பேட்டில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறாள். “சனிக்கிழமையே அரிசி வாங்கி வைத்துக்கொள், தம்பி” என்பது முதல் வரி. இம்மலரில் அச்சிடத் தருகிறாயா என்று கேட்டேன். “அது கவிதை இல்லையே, ஐயா” என்று தயங்குகிறாள். மலர்க்குழுவினர் அவளிடம் பேசிப் பார்க்கவேண்டும்.