மாத்திரைக்கு இல்லாத பயம் பம்புக்கு ஏன்?

(பழைய மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"மருத்துவத் தலைப்பா எடுத்துக்கோ, ஆனா தூங்க வெச்சுடாதே" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். மாரடைப்பு, சர்க்கரை பற்றியெல்லாம் நிறைய கேட்டிருப்பீர்கள். நான் ஆஸ்துமாவை எடுத்துக்கொள்கிறேன். அதிலும், திடீரென்று இழுப்பு வந்தால் கொடுக்கிற மருந்துகள், அவற்றின் பக்க விளைவுகள், இது மட்டும்தான்.

நம்ம ஊரில் இந்த விஷயத்தில் பயம் தலைகீழாக இருக்கிறது. "பம்பு அடிச்சா பழக்கமாயிடும் டாக்டர், ஹார்ட்டைப் பாதிக்குமாமே, மாத்திரையே கொடுங்க" என்பார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் இன்ஹேலர் பீரோவுக்குள் போய்விடும். மாத்திரையை யாரும் ஒளித்து வைப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சால்பியூட்டமால், அதாவது கடையில் ஆஸ்தாலின் என்று கேட்டு வாங்குகிறோமே அது, பம்பில் ஒரு அடிக்கு 100 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையில் 4 மில்லிகிராம் என்றால் 4000 மைக்ரோகிராம். ஒரு மாத்திரையில் 40 அடி இருக்கிறது! பம்பு மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குப் போய்ச் சில நிமிஷத்தில் வேலை செய்கிறது. மாத்திரை வயிறு, ஈரல், ரத்தம் என்று ஊரைச் சுற்றி வருகிறது. கை நடுக்கம், படபடப்பு, கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் அதில்தான் அதிகம்.

பம்பிலும் நடுக்கம் வரும், இல்லை என்று சொல்லவில்லை. அடிக்கடி அதிக அளவில் கொடுக்கும்போது ரத்தத்தில் பொட்டாசியம் குறையும். ஆஸ்பத்திரியில் அதைப் பரிசோதித்துப் பார்ப்பார்கள். ஆனால் மூச்சு முட்டுகிற நேரத்தில் கை நடுங்குகிறதே என்று மருந்தை நிறுத்தக் கூடாது. நடுக்கம் சில மணி நேரத்தில் போய்விடும்.

இந்தப் பயம் வானத்திலிருந்து விழுந்ததும் அல்ல. 1960-களில் பிரிட்டனில் ஐசோப்ரினலின் என்ற மருந்தை அதிக வீரியமுள்ள பம்பாக விற்றார்கள். இளவயது ஆஸ்துமா நோயாளிகளின் சாவு எண்ணிக்கை ஏறியது. 1976-க்குப் பிறகு நியூசிலாந்தில் ஃபெனோடெரால் பம்போடு அதே கதை. 1989-90-ல் அதற்குக் கட்டுப்பாடு வந்ததும் சாவுகள் சட்டென்று குறைந்தன. 1969-ல் வந்த சால்பியூட்டமால் இதயத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆனாலும் ஒரு பாடம் மிச்சம் இருக்கிறது. நீலப் பம்பு குழாயை விரிக்கும். உள்ளே இருக்கிற வீக்கத்தை அது தொடாது. "அடிச்சா சரியாயிடுது" என்று அதை மட்டுமே நம்பி மாதத்துக்கு ஒரு பம்பு காலி செய்கிறவர்கள்தான் உண்மையில் ஆபத்தில் இருப்பவர்கள். பெரியவர்களுக்கு நீலப் பம்பை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம், உறிஞ்சும் ஸ்டீராய்டும் சேர வேண்டும் என்று 2019-ல் சர்வதேச வழிகாட்டு நெறிகளே மாறிவிட்டன.

ஸ்டீராய்டு என்றதும் முன்வரிசையில் இரண்டு முகம் சுருங்குகிறது! கடுமையான இழுப்பில் உயிரைக் காப்பது அதுதான். பெரியவர்களுக்குப் பிரெட்னிசொலோன் தினம் 40 அல்லது 50 மில்லிகிராம், ஐந்து முதல் ஏழு நாள். வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும். அதனால்தான் சீக்கிரமே ஆரம்பிக்கிறோம். அந்த ஒரு வாரத்தில் பசி எடுக்கும், தூக்கம் கெடும், எரிச்சல் வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அளவு எகிறும், கவனம் தேவை. இதெல்லாம் ஒரு தடவைக்கு. வருஷா வருஷம் இப்படி ஓட்டினால் எலும்பு, கண், சர்க்கரை எல்லாமே கணக்குக் கேட்கும். தினசரி உறிஞ்சும் ஸ்டீராய்டின் அளவோ மைக்ரோகிராம்தான். அடித்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டால் வாய்ப்புண், தொண்டைக் கரகரப்பு பெரும்பாலும் வராது.

நான் பயப்படச் சொல்வது வேறொன்றுக்கு. "ஒரு டெரிஃபில்லின் ஊசி போடுங்க" என்று நம்ம ஜனங்கள் கேட்டு வாங்குகிறார்களே, அந்தத் தியோஃபிலின் குடும்பத்துக்கு. குணமாக்கும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறியது. வாந்தி, தாறுமாறான இதயத் துடிப்பு, வலிப்புவரை போகலாம். கூடவே சிப்ரோஃபிளாக்சசினோ எரித்ரோமைசினோ சாப்பிட்டால் ரத்தத்தில் அதன் அளவு தானே ஏறிவிடும். மற்றவை எல்லாம் இருக்கும்போது அவசரத்துக்கு இது முதல் மருந்தே அல்ல. தூக்க மாத்திரையும் கூடவே கூடாது; "பதட்டமா இருக்கான், தூங்கட்டும்" என்று கொடுப்பது மூச்சை அடக்குவதற்குச் சமம்.

இப்ராட்ரோபியம், நரம்பு வழி மெக்னீசியம் எல்லாம் ஆஸ்பத்திரி விஷயம். முன்னதில் வாய் உலரும். பின்னதில் உடம்பு சூடேறும், ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கும்.

விடுதி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நண்பனுக்கு ராத்திரி இழுப்பு வந்தால் நிமிர்ந்து உட்கார வையுங்கள். ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குடுவை வழியாக நீலப் பம்பை ஒவ்வொரு அடியாக, நாலிலிருந்து பத்து அடிவரை கொடுக்கலாம். இருபது நிமிஷம் கழித்து மறுபடியும் கொடுக்கலாம். ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் இருபது நிமிஷமெல்லாம் பார்க்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை பம்பை நிறுத்தாதீர்கள்.

ஸ்பேசர் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டு இடைவேளையில் மேடைக்குப் பக்கத்திலேயே இருப்பேன். பம்பு வைத்திருப்பவர்கள் வந்து அடித்துக் காட்டுங்கள், சரியாக அடிக்கிறீர்களா என்று பார்த்துச் சொல்கிறேன்.