சத்தம் போடுவது யார்?



வகுப்பறை என்றதும் நம் வாயில் முதலில் வருவது, “சத்தம் போடாதே!” என்ற அதட்டல். நான் கேட்கிறேன், சத்தம் போடுவது பிள்ளைகள்தானா?

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஒரு பள்ளி. அதன் ஒரு பக்கம் மேம்பாலத்தில் ரயில் ஓடும். ரயில் வந்தால் பாடம் நிற்கும். ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியலாளர், ரயில் பக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனை மறுபக்கத்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு 1975-இல் எழுதினார். ஆறாம் வகுப்புக்குள் ரயில் பக்கத்துப் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரு வருடம் பின்தங்கியிருந்தார்கள். அதே பள்ளி, அதே பாடம்! பிறகு தண்டவாளத்தில் ரப்பர் மெத்தை வைத்தார்கள். வகுப்பறைக் கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகை பதித்தார்கள். 1981-இல் வெளியான மறு ஆய்வில் அந்த வித்தியாசம் காணோம். அதுவரை எத்தனை பிள்ளைகள் ‘மக்கு’ என்று பெயர் வாங்கினார்களோ!

நமக்கு ரயில் வேண்டாம், கூம்பு ஒலிபெருக்கி போதும். கோயில் கொடையா, காதுகுத்தா, கட்சிக் கூட்டமா, காலையிலேயே கட்டிவிடுவோம். (இந்த மேடையின் மைக்கைக் குறைக்கச் சொல்லிவிட்டுத்தான் பேச வந்தேன்.) பள்ளியைச் சுற்றி அமைதி மண்டலம் என்று சட்டத்தில் ஒன்று உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், அங்கே பகலில் 50 டெசிபலுக்கு மேல் கூடாது என்கின்றன. நாம் சாதாரணமாகப் பேசுவதே 60 வரும். வகுப்பறைக்குள் 35-ஐத் தாண்டக் கூடாது என்பது 1999-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு.

சொல்வதெழுதுதல் நடக்கிறது. டீச்சர் ‘கிளி’ என்கிறார். வெளியே குத்துப்பாட்டு, மேலே தகரக் கூரை. கடைசி பெஞ்சுப் பையன் ‘கிலி’ என்று எழுதுகிறான். சிவப்பு மைச் சுழி அவனுக்கு. பாட்டுப் போட்டவருக்குப் பொன்னாடை!

நான்கு பிள்ளைகள் தலையைச் சேர்த்துக் கணக்குக்கு வழி தேடிப் பேசுவதை நான் சத்தம் என்று சொல்லமாட்டேன். அது படிப்பு. ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. கேள்வி கேட்டுவிட்டு நாம் ஒரு நொடிகூடப் பொறுப்பதில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் மூன்று நொடி பொறுக்கச் சொல்லிப் பார்த்தார். பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடிக்குச் செலவு என்ன?

ஊர்ப் பெரியவர்களே, பள்ளி நடக்கும் நாளில் காலை மணி அடித்தது முதல் மாலை மணி அடிக்கும்வரை பள்ளிப் பக்கம் ஒலிபெருக்கி கட்டுவதில்லை என்று அடுத்த கிராம சபையில் ஒரு தீர்மானம் போடுங்கள்.