அளந்து சொல், அப்புறம் பழி சொல்!

(ஆர்ப்பாட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)

விவசாயப் பெருமக்களே, கறவை மாடு வளர்க்கும் தாய்மார்களே!

பூமி சூடாவதற்கு மாடும் ஒரு காரணம் என்கிறார்கள. நாம் மறுக்கவில்லை. மாடு விடும் ஏப்பத்தில் மீத்தேன் வருகிறது. சாணம் காற்றுப் படாமல் அழுகினாலும் வருகிறது. நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும் வாயு அது. ஆனால் எப்படிக் கிடக்கிற சாணம் என்று கேட்க வேண்டாமா?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரே பண்ணையில் ஆயிரக்கணக்கில் மாடுகள். கொட்டிலைத் தண்ணீர் விட்டு அலசி, சாணக் கரைசலைப் பெரிய குட்டையில் மாசக்கணக்கில் தேக்குகிறார்கள். அடியில் காற்றே போகாது. நமக்கோ ஒரு மாடு, ரெண்டு மாடு. அள்ளிக் குப்பைக்குழியில் போடுகிறோம், வரட்டி தட்டுகிறோம், எருவாக வயலுக்கு அடிக்கிறோம்.

ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2006-இல் தந்த வழிகாட்டி என்ன சொல்கிறது? மூடாத குட்டையில் கிடக்கும் சாணம், தான் தரக்கூடிய மீத்தேனில் 66 முதல் 80 சதவீதம் விடும். குவித்து வைத்த கெட்டிச் சாணம் 2 முதல் 5 சதவீதம்தான்!

இதுவும் வாய்பாட்டுக் கணக்குதான். நேரில் அளப்பது லேசான காரியமல்ல. குட்டையில் மிதக்கும் மூடியைக் கவிழ்த்து வாயுவைப் பிடிக்கிறார்கள். அது ஒரு மூலையின் கணக்கு. விமானத்தில் பறந்து அளக்கிறார்கள். அது சில நிமிஷக் கணக்கு. வெயிலுக்கு ஓர் அளவு, குளிருக்கு ஓர் அளவு, குட்டையைக் கலக்கும் நாளில் வேறு அளவு. வருஷம் முழுக்க அளந்தால்தான் உண்மை தெரியும். நம்ம குழியிலும் மழைத்தண்ணி தேங்கினால் மீத்தேன் கூடும். அதையும் அளக்கட்டும், நமக்குப் பயமில்லை.

ஏன் இவ்வளவு பேசுகிறோம்? இந்தக் கணக்கில் காசு இருக்கிறது. கலிபோர்னியாவில் குட்டையை மூடி எரிவாயு எடுக்கும் பண்ணைக்குக் கார்பன் கிரெடிட் கிடைக்கிறது. அதிகம் விட்டவன் குறைத்துக் காட்டிக் காசு வாங்குகிறான். தேக்கவே தேக்காத நமக்கு என்ன? டென்மார்க்கில் 2030 முதல் கால்நடை வாயுவுக்கு வரி என்று 2024-இல் முடிவாகிவிட்டது. நாளைக்கு இங்கேயும் வந்தால் எந்தக் கணக்கை வைத்துப் போடுவார்கள்?

ஆகவே நம் கோரிக்கைகள்:

1. நம் ஊர்க் குப்பைக்குழிகளில் கோடையிலும் மழையிலும் நேரில் அளந்து, கணக்கைத் தமிழில் வெளியிடு!

2. அளக்காத கணக்கை வைத்துச் சிறு விவசாயி தலையில் வரியோ கட்டுப்பாடோ ஏற்றாதே!

3. சாண எரிவாயுக் கலனுக்கு முழு மானியம் கொடு! கார்பன் பணத்தில் சாணம் தந்தவருக்குப் பங்கு கொடு!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!