நாற்றம் என்னும் நற்சொல்

(அனுப்பம்பட்டில் தமிழன்பர் கூடல் ஒன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நாற்றம் என்பது இழிந்த சொல் அன்று. நறுமை, நாறுதல், நாற்றம் யாவும் ஒரே வேரினின்று கிளைத்தவை. பழந்தமிழில் பூவும் நாறும். மகளிர் கூந்தலும் நாறும். 'வாசனை' என்னும் வடசொல் நடுவீட்டில் வந்தமர்ந்தது. நாற்றம் கொல்லைப்புறத்துக்குத் துரத்தப்பட்டது. இன்று அச்சொல் எஞ்சியிருப்பது சாக்கடைக்கும் மீன்கூடைக்கும் மட்டுமே. சொல் இழிந்ததோடு கேடு நின்றுவிடவில்லை. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து பொன்னேரிக்கு வந்து, இவ்வூர் நிலையத்தைக் கடந்து மீஞ்சூருக்கும் அப்பாலும் தொடர்வண்டியில் கூடையோடு செல்லும் தாயைக் கண்டு மூக்கைப் பொத்துவோர் இருக்கின்றனர். அவள் பிள்ளையை வகுப்பறையில் அச்சொல்லாலேயே குத்துவோரும் இருக்கின்றனர். அப்படிக் குத்துகிறவரின் மூக்கினுள் உண்மையில் நடப்பது யாது?

மணம் என்பது பொருளே. பூவிலிருந்தோ மீனிலிருந்தோ பிரிந்து பறக்கும் மூலக்கூறுகள் மூச்சோடு மூக்கின் மேல்தளத்தை அடைகின்றன. அங்கே சிறியதோர் இடத்தில் பல நூறாயிரம் நரம்பணுக்கள் மயிரினும் மெல்லிய இழைகளை ஈரப்படலத்துள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவ்விழைகளில் பதிந்திருப்பவை ஏற்பிகள் என்னும் புரதங்கள். ஒவ்வோர் ஏற்பியும் நரம்பணுவின் தோலை ஏழு முறை ஊடுருவித் தைத்தாற்போல் அமைந்தது. நடுவே ஒரு சிறு குழிவு. ஈரத்தில் கரைந்துவந்த மூலக்கூறு அக்குழிவில் பொருந்தியதும் ஏற்பி சற்றே உருமாறுகிறது. அவ்வளவே அதன் வேலை. அவ்வுருமாற்றம் உட்புறத்தே வேறொரு புரதத்தை எழுப்புகிறது. அது செய்தி சுமக்கும் சிறு மூலக்கூறுகளைப் பெருக்குவிக்கிறது. வாயில்கள் திறந்து மின்னேற்றத் துகள்கள் உள்ளே பாய்கின்றன. மின்துடிப்பு மூளைக்கு ஓடுகிறது.

இவ்வேற்பிகளின் பெருங்குடும்பத்தை 1991-இல் வெளிப்படுத்தியவர்கள் அமெரிக்க அறிவியலார் இலிண்டா பக்கும் இரிச்சர்டு ஆக்சலும். அதற்காக 2004-இல் நோபல் பரிசு பெற்றனர். மூலக்கூறு குழிவினுள் பொருந்தியிருக்கும் நிலையிலேயே மாந்த மண ஏற்பி ஒன்றின் வடிவம் தெளிவாகக் காணப்பட்டது 2023-இல்தான்.

தொல்காப்பியர் உயிர்களை அறிவால் வகுக்கையில், தொடுதலுக்கும் சுவைக்கும் அடுத்த மூன்றாம் அறிவாக மூக்கை வைத்தார். எறும்பையும் கறையானையும் அதற்குக் காட்டினார். எறும்பு மணத்தடம் பற்றிச் செல்வதை அறிந்தோர்க்கு இவ்வகுப்பின் நுட்பம் விளங்கும். அதற்காக ஏற்பியையும் அவரே கண்டார் என்று மேடையில் முழங்குவது பொய்ப்பெருமை. தமிழுக்கு அது அணியாகாது.

மாந்தனிடம் வேலை செய்யும் மண ஏற்பி வகைகள் ஏறத்தாழ 400. நரம்பணு ஒன்றுக்குப் பெரும்பாலும் ஒரே வகைதான். இவற்றைக் கொண்டு எண்ணிலா மணங்களைப் பிரித்தறிவது எவ்வாறு? தமிழ் கற்றோர்க்கு இது புதிரன்று. முதலெழுத்து 30; அவற்றின் கூட்டால் பிறக்கும் சொற்கள் எத்துணை! ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளில் பொருந்தும். ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு இடந்தரும். எவையெவை எழுந்தன என்னும் கூட்டையே மூளை ஒரு மணமாகப் படிக்கிறது. மூலக்கூற்றின் அளவு கூடினால் எழும் ஏற்பிகளின் கூட்டும் மாறும். மல்லிகையில் இண்டோல் என்னும் பொருள் சிறிதளவு உண்டு. அதுவே மிகுந்தால் மலத்தின் முடை. ஒரே பொருள் மணமாகவும் முடையாகவும் நிற்கையில், இரண்டிற்கும் பொதுவான நாற்றம் என்னும் சொல் எவ்வளவு பொருத்தம்!

இனி மீன். கடல்மீனின் தசையில், உப்புநீரோடு ஈடுகொடுத்து வாழ்வதற்கென, மும்மெத்தில் அமீன் என்பதன் உயிர்வளி ஏறிய வடிவம் உண்டு. அதற்கு அந்த முடை இல்லை. மீன் இறந்தபின் நுண்ணுயிர்கள் அவ்வுயிர்வளியைக் கவர்ந்துகொள்ள, மும்மெத்தில் அமீன் எஞ்சி வெளியேறுகிறது. (பாடநூல்கள் இதனை டிரைமெத்தில் அமீன் என்னும். பெயரின் இறுதியில் 'மீன்' ஒலிப்பது தற்செயல், சொல்லாராய்ச்சியாளர் பொறுத்தருள்க!) ஆகவே அப்போதே வலையினின்று எடுத்த மீன் அவ்வாறு நாறுவதில்லை. கவிச்சு மீனின் இயல்பன்று. மீன் இறந்தபின் கழிந்த பொழுதின் அளவு அது. செவுளைத் தூக்கி, முகர்ந்து, காலைப் பாட்டில் கிடைத்ததா நேற்றையதா எனச் சொல்லிவிடும் பழவேற்காட்டுப் பெண்ணின் மூக்கு அவ்வளவைப் படிக்கும் கருவி. மூக்கைப் பொத்துபவரால் அது இயலாது.

இப்பொருளுக்கெனவே ஓர் ஏற்பியும் உண்டு. 2006-இல் பக்கும் இசுடீபன் இலிபர்லசும் எலியின் மூக்கில் கண்டறிந்த வேறொரு சிறு ஏற்பிக் குடும்பத்தைச் சேர்ந்தது அது, மாந்தரிடமும் இருக்கிறது. ஐசுலாந்தில் 9,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2020-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அவ்வேற்பிக்குரிய மரபணுவில் ஒரு மாற்றம் உடையோர்க்கு மீன் நாற்றம் மங்கலாகவே தெரிகிறது. முகரக் கொடுத்தபோது அவர்களுள் சிலர் அதனை உருளைக்கிழங்கு என்றனர். உரோசாப்பூ என்றவரும் உண்டு! ஒருவர்க்கு முடையாய் இருப்பது இன்னொருவர்க்கு மலராய் இருக்குமெனின், இழிவு எங்கே இருக்கிறது? கூடை சுமப்பவளிடம் இல்லை என்பது மட்டும் உறுதி.

மூக்கைப் பொத்துபவரும் வீடு சென்று மீன்குழம்பு உண்பவரே. அக்குழம்பில் புளி ஏன்? சுவைக்கு மட்டுமன்று. மும்மெத்தில் அமீன் காரத்தன்மை உடையது. புளியிலுள்ள காடிப்பொருள் அதனோடு சேர்ந்து உப்பாகிவிடுகிறது. உப்பானது பறக்காது, பறக்காதது மூக்கின் மேல்தளத்தை எட்டாது, எட்டாதது எந்த ஏற்பியையும் எழுப்பாது. மீனைக் குழம்பிலிடுமுன், அலசும்போதே ஒரு கைப்புளியைக் கரைத்து ஊற்றுவதும் அதற்கே.