பச்சைப்பிள்ளைக்குப் பெரட்டு நேரம் தெரியாது

(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள் கேட்பது ஒன்றுதான்: “எத்தனை மணிக்கொரு தடவை பால் கொடுப்பது?” முதல் வாரங்களில் மணி பார்க்காதீர்கள். பிள்ளை தேடும் போதெல்லாம் கொடுங்கள். இரவும் பகலுமாக 8 முதல் 12 தடவை குடிக்கும். வாயைத் திறந்து தலையைத் திருப்பித் தேடினால், கையைச் சூப்பினால், அதுதான் பசி. வீரிட்டு அழும் வரை விட்டால் மார்பைப் பிடிக்கவே கஷ்டப்படும்.

அழுதவுடன் “பால் பத்தவில்லை” என்று பால்மா வாங்கக் கடைக்கு ஓட வேண்டாம். பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். முதல் வாரம் கழிந்தபின் நாளுக்கு 6 தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போய், மருத்துவிச்சி நிறுக்கும்போது நிறையும் கூடினால் பால் போதும். 6 மாதம் வரை சீனித்தண்ணீரும் வேண்டாம், ஓமத்தண்ணீரும் வேண்டாம்.

குடித்த பிறகும் அழுகிறதா? தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்யுங்கள். துணி நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். உடலோடு உடல் படும்படி நெஞ்சில் அணைத்துக்கொள்ளுங்கள். தூங்கும்போது மல்லாக்கப் படுக்க வையுங்கள். குளிர் என்று கம்பளியால் முகத்தை மூடாதீர்கள். அடுப்புப் புகை படாத பக்கத்தில் கிடத்துங்கள். ஆனால் பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ, உடல் சுட்டாலோ, சில்லிட்டாலோ, விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இனி வேலை விஷயம். பிரசவ லீவு 12 வாரம். மூன்றாவது பிள்ளைக்கு 6 வாரம்தான் என்றிருந்த பாகுபாடு 2018ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தோடு போய்விட்டது. லீவு முடிந்து மலைக்குப் போனாலும், பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை 9 மணி நேரத்துக்குள் இரண்டு தடவை பால் கொடுக்க நேரம் தரவேண்டும் என்று பிரசவ நன்மைகள் சட்டம் சொல்கிறது. பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொரு தடவையும் அரை மணிக்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் ஒரு மணி. சாப்பாட்டு நேரம் இதில் சேராது.

சட்டம் இருந்தும் நம் பெண்கள் ஏன் இறங்கி வருவதில்லை? கிலோ குறைந்தால் அரைப்பேர் ஆகிவிடும் என்ற பயம். தூர மலையில் நிற்பவளுக்கு அந்த அரை மணி நடைக்கே போய்விடுகிறது. மார்பு கட்டி நோக நோகக் கொழுந்து பறிக்கிறாள். பிள்ளை கீழே அழுகிறது. அதனால்தான் கேட்கிறோம்: பால் கொடுக்கும் தாய்க்குப் பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்து மலையில் வேலை கொடுங்கள், அவளுக்குரிய கிலோவைக் குறையுங்கள்.

அதுவரை பெரட்டுக்குப் போகுமுன் ஒரு தடவை கொடுங்கள். கையை நன்றாகக் கழுவி, கொதிநீரில் அவித்த கோப்பையில் பால் பீய்ச்சி மூடி வைத்துவிட்டுப் போகலாம். 4 மணித்தியாலத்துக்குள் அதைக் கோப்பையாலேயே ஊட்டச் சொல்லுங்கள். சூப்பிப் போத்தல் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும், இரவிலும் மார்பில் குடிக்கவிட்டால் பால் வற்றாது.

சகோதரர்களே, அவள் பால் கொடுக்கும்போது தண்ணீர் எடுப்பதும் அடுப்பு மூட்டுவதும் உங்கள் வேலை. நேரம் கேட்டு மறுக்கப்பட்டால், எந்த நாள், யார் மறுத்தார் என்று தோட்டத் தலைவரிடமோ தலைவியிடமோ அன்றே சொல்லுங்கள். தனியாகக் கேட்டால் தட்டிவிடுவார்கள். சங்கமாகக் கேட்போம்.